தாய்க்காது

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையோடு சரி. குகையில் வேலை பார்த்த மற்ற வழிகாட்டிகள், டிக்கெட் கொடுக்கும் அம்மாள், வனக்காவலர் எல்லோருக்கும் அவர் புளுகர்தான். புளுகன் என்று சொல்லாமல் மரியாதை சேர்த்ததற்குக் காரணம் அவருடைய அனுபவம். ஒரே குகையைப் பற்றி இருபத்தாறு வருடம் வாய் ஓயாமல் பேசியவருக்கு அந்த மரியாதைகூடக் கொடுக்காவிட்டால் எப்படி?

குகை என்றால் ஒன்றல்ல, ஐந்து. மலை ஊரின் கடைசி ஹோட்டலைத் தாண்டிக் காட்டுக்குள் அரை மணி நேரம் நடந்தால், பாறையில் வரிசையாக ஐந்து வாய்கள். நாட்டை இழந்து வனவாசம் போன ஐந்து சகோதரர்களும் அவர்களுடைய மனைவியும் ஒரு மழைக்காலம் முழுக்க இங்கே தங்கினார்கள் என்பது ஐதீகம். அதுவரைக்கும் வாசல் பலகையில் எழுதியிருக்கும். மிச்சமெல்லாம் புளுகர் உபயம். முதல் குகையில் உயர்ந்து நிற்கும் கல், மூத்தவர் உட்கார்ந்து நியாயம் பேசிய இடம். இரண்டாவது குகை மற்ற நாலையும்விடப் பெரிது. பின்னே, அங்கே தங்கியவர் சாப்பாட்டு ராமன் அல்லவா. "மேல கறுப்பாத் தெரியுதே, அதைப் புகைன்னு நினைச்சிடாதீங்க. அவர் சாப்பிட்டு முடிச்சுக் கை துடைச்ச இடம்" என்பார். கூரை பதினைந்து அடி உயரம். கூட்டம் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிரிக்கும். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்பது அவருடைய தொழில் தர்மம்.

தாய்க்காது ஐந்தாவது குகையில் இருந்தது. அதையும் அவர்தான் உண்டாக்கினார்.

இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் மழை பிடித்துக்கொள்ள, முப்பது பேர் அந்தக் குகைக்குள் மாட்டிக்கொண்டார்கள். குழந்தைகள் சிணுங்க ஆரம்பித்தன. ஒரு தடித்த ஆசாமி, கொடுத்த காசுக்கு ஒன்றுமில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். யாரோ ஒரு பெண் பின்சுவரில் இருந்த ஓட்டையைக் காட்டி இது என்ன என்று கேட்டாள். நெஞ்சு உயரத்தில், ஒரு கை நுழையும் அகலத்தில், மேல்நோக்கிச் சரிந்து போகும் ஓட்டை. எந்நேரமும் அதிலிருந்து குளிர்ந்த காற்று வரும். மலைமேல் பெய்யும் மழைநீர் வடிவதற்குப் பாறை தானே போட்டுக்கொண்ட வழி அது. அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். போனாரா என்றால், இல்லை.

"பிள்ளைங்க அஞ்சு பேரும் காட்டுக்கு வந்துட்டாங்க. வயசான அம்மா மட்டும் நாட்டுலயே தங்கிட்டா. பதிமூணு வருஷம். கடைக்குட்டி தினமும் இந்த ஓட்டையில வாயை வெச்சு அம்மாகிட்ட பேசுவான். மலை அதைக் கொண்டுபோய் அவ காதுல சேர்க்கும். இதுக்குப் பேரு தாய்க்காது. இன்னிக்கும் பிரிஞ்சு போனவங்க யாருக்காவது ஏதாவது சொல்லணும்னா, இங்க சொன்னா போய்ச் சேரும்."

குகையில் சத்தம் அடங்கிவிட்டது. முணுமுணுத்துக்கொண்டிருந்த தடித்த ஆசாமி எழுந்து போய் ஓட்டையில் வாயை வைத்து ஏதோ சொன்னார். திரும்பும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் யாருக்கு என்ன சொன்னாரோ, மழை விட்டபிறகும் வெகுநேரம் வெளியே வரவில்லை.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவருடையது எட்டு நாளில் மற்ற வழிகாட்டிகளின் வாய்க்குப் போனது, இரண்டு வருடத்தில் ஹோட்டல்களின் விளம்பரத் தாளில் ஏறியது, அதன்பிறகு வனத்துறையே நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் எழுதி ஓட்டைக்குப் பக்கத்தில் மாட்டியது. யாரோ ஒரு புண்ணியவான் வாயால் சொல்வதை விட்டுக் காகிதத்தில் எழுதித் திணித்தான். பிறகு எல்லோரும் எழுதித் திணித்தார்கள். பஸ் டிக்கெட், சிகரெட் பெட்டியின் உள்தாள், பிஸ்கெட் உறை, கைக்குக் கிடைத்ததெல்லாம். ஒரு மழைக்காலத்தில் ஓட்டை அடைத்துக்கொண்டு நீர் உள்ளே தேங்கி, இரண்டாவது குகையின் கூரை வழியாகக் கொட்டியது. கை துடைத்த கறை பாதி அழிந்துபோனதில் புளுகருக்கு ரொம்ப வருத்தம்.

அதனால் மாதம் ஒருமுறை ஓட்டையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஊதிக் கெடுத்தவன் தலையில்தானே கட்டுவார்கள்? வேலை அவருக்கே வந்தது. பழைய குடைக்கம்பி ஒன்றின் நுனியை வளைத்துக் கொக்கி செய்துகொண்டார். உள்ளே விட்டுச் சுழற்றி இழுத்தால் காகிதம் கூழாக வரும். சாக்கில் போட்டு, டிக்கெட் அறைக்குப் பின்னால் இருக்கும் தகர டிரம்மில் எரிப்பார். ஒன்றையும் படிக்க மாட்டார். "அடுத்தவங்க துக்கத்தைப் படிக்கறது அடுத்தவங்க தட்டுல கை வைக்கிற மாதிரி" என்பார். புளுகருக்கும் இப்படிச் சில நியாயங்கள் இருந்தன.

அந்த வருடம் கோடை நீண்டுவிட்டது. காகிதங்கள் காய்ந்து, மடிப்புக்கூடக் கலையாமல் வந்தன. மூன்றாவது இழுப்பில் மஞ்சளாக ஒரு சீட்டு கொக்கியில் மாட்டிக்கொண்டு வந்தது. படிப்பதற்காக அவர் அதைப் பார்க்கவில்லை. அந்தச் சீட்டு அவருக்குப் பழக்கம், அவ்வளவுதான். வெள்ளைத் துணி, கலர் துணி, தலையணை உறை என்று வரிசையாக அச்சடித்து, எதிரே எண்ணிக்கை போடக் கட்டம் போட்ட சீட்டு. பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் மூட்டைக்கு மூட்டை குத்துவது. அவர் மனைவி அங்கேதான் பத்தொன்பது வருடமாக வேலை பார்த்தாள். வீட்டில் மளிகை எழுதுவது, பால்காரனுக்குச் சொல்லி வைப்பது எல்லாம் அந்தச் சீட்டின் முதுகில்தான்.

திருப்பினார். நனைந்தால் ஊதாவாக மாறுமே, துணியில் குறி போடும் பென்சில், அதில் எழுதியிருந்தது. வரி வலப்பக்கம் போகப் போகக் கீழே இறங்கும் அவளுடைய கையெழுத்து.

'பாப்பா, அன்னிக்கு அம்மாவைக் கேட்டியா? கோபமா? ஒரே ஒரு தடவை சொல்லு.'

புளுகர் கம்பியைத் திரும்ப உள்ளே விட்டார். அன்றைக்கு மொத்தம் நாலு மஞ்சள் சீட்டுகள் வந்தன. நாலிலும் அதே கேள்வி. எத்தனையோ மாதங்கள் கூழோடு கூழாக மஞ்சளாக ஏதோ வந்ததையும், அதை அவர் சாக்கில் உதறியதையும், டிரம்மில் தீ வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்று டீ குடித்ததையும் நினைத்தார். சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துப் பிறந்த ஒரே பெண். ஏழு வயதில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் இல்லாமல் போய்விட்டாள். நாலு வருடம் ஆகிறது. அந்த மூன்றாம் நாள் சீசன் உச்சத்தில் இருந்ததால் மனைவி காலையில் வேலைக்குப் போய்விட்டாள். பக்கத்தில் இருந்தவர் அவர் ஒருவர்தான். சலவைக்கூடத்திலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்தவள் முதலில் கேட்டது, "என்னைக் கேட்டாளா?" என்றுதான். அவர் இல்லை என்றார். தூக்கத்திலேயே போய்விட்டாள், யாரையும் கேட்கவில்லை என்றார். வாழ்நாளெல்லாம் கைதட்டலுக்குப் பொய் சொன்னவர், அன்றைக்கு இரக்கத்துக்குச் சொன்னதாக நினைத்துக்கொண்டார். அவள் மறுபடி கேட்கவில்லை. நம்பிவிட்டாள், ஆறிவிட்டாள் என்று இவரும் இருந்துவிட்டார்.

டிக்கெட் அம்மாளிடம் போய்க் கேட்டார். அவள் தலையைத் தூக்காமல் சில்லறையை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "வாராவாரம் லீவு நாள்ல வருவாங்கண்ணே. நீங்க கூட்டத்தோட முதல் குகையில நிக்கற நேரமாப் பார்த்து மேல்வழியாப் போயிட்டு வந்துடுவாங்க. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

"எத்தனை நாளா?"

"மூணு வருஷம் இருக்கும்."

லீவு நாளில் அவள் சந்தைக்குப் போகிறாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். சந்தைக்கும்தான் போனாள், கையில் பை இருக்குமே.

வழிகாட்டிகளில் இளையவன் ஒருவன் உண்டு, ஒல்லி என்று கூப்பிடுவார்கள். மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாத புளுகர், மதியம் அவனிடம் கொட்டிவிட்டார். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதுக்கு ஏண்ணே இவ்ளோ கவலை? நீங்களே பாப்பா எழுதின மாதிரி ஒரு பதில் எழுதி, ஓட்டை வாய்லயே தெரியற மாதிரி செருகி வெச்சிடுங்க. உங்களுக்கா சொல்லித் தரணும்" என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான்.

அவரும் எழுதத்தான் உட்கார்ந்தார். கேட்கவில்லை என்று எழுதினால் அன்றைக்கு அவர் சொன்ன பொய்யையே பாப்பாவும் சொன்னதாகிவிடும். பொய் சொல்ல அவருக்கு முதல் கூச்சமே அங்கேதான் வந்தது. பாப்பாவின் கோணல் எழுத்தில் 'அம்மா' என்று எழுதினார், கொம்பும் காலும் அவள் போடுகிற மாதிரியே வந்தன. அதைப் பார்த்ததும் எழுதுவதை நிறுத்திவிட்டார். எத்தனையோ ராஜகுமாரர்களின் வாயில் வசனத்தை வைத்தவரால் தன் பெண்ணின் வாயில் ஒரு சொல்லை வைக்க முடியவில்லை. தாளைக் கிழித்து டிரம்மில் போட்டார்.

அடுத்த லீவு நாளன்று தன் கூட்டத்தை ஒல்லியிடம் ஒப்படைத்துவிட்டு, ஐந்தாவது குகையில் போய் நின்றார். அவள் மேல்வழியாக வந்தாள். கையில் சந்தைப் பை. அவரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னிக்குக் கூட்டம் இல்லையா?" என்றாள், கடைத்தெருவில் எதிரே வந்தவரைக் கேட்பதுபோல.

"ஒல்லிகிட்ட விட்டுட்டேன்."

அவள் உள்ளே வந்து கல் திண்டில் பையை வைத்தாள். பையின் வாயில் மஞ்சளாகச் சீட்டு எட்டிப் பார்த்தது.

"இந்த ஓட்டைய நான்தான் சுத்தம் பண்றேன், தெரியுமா?" என்றார்.

"தெரியாது. யாரோ பண்றாங்கன்னுகூட நினைச்சதில்ல."

"போன வாரம் படிச்சேன்."

அவள் முகம் சிவந்தது. திருடி மாட்டிக்கொண்டவள்போல முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். அதைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை.

"இதெல்லாம் நான் கட்டின கதை. தாய்க்காதும் இல்ல, ஒண்ணும் இல்ல. மழைத்தண்ணி போற வழி. ஒரு நாள் வாய் சும்மா இருக்காம சொன்னேன்."

அவள் ஓட்டையைப் பார்த்தாள். நீலப் பலகையைப் பார்த்தாள். "நீங்க சொல்ற எதையும் நான் நம்பினதில்ல. ஊரே சிரிக்கும்போது நான் மட்டும் உள்ளுக்குள்ள அடிச்சுக்குவேன், எப்படித்தான் இப்படி அளக்கறாரோன்னு. இந்த ஒண்ணைத்தான் நம்பினேன். போர்டுல எழுதியிருந்ததே."

வெளியே எங்கோ ஒரு பறவை கத்திவிட்டு ஓய்ந்தது. அவள் திண்டில் உட்கார்ந்தாள்.

"சரி. அன்னிக்குப் பக்கத்துல இருந்தது நீங்கதானே? நீங்களே சொல்லுங்க. கேட்டாளா?"

"கேட்டா."

அவள் அசையவில்லை. "எதையும் சேர்க்காம சொல்லுங்க. உங்க கையைக் காலை ஆட்டாம சொல்லுங்க."

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் நிற்கும் பையன் மாதிரி நின்று சொன்னார்.

"ரெண்டு மணிக்கு முழிச்சா. அம்மா எங்கன்னு கேட்டா. வேலைக்குப் போயிருக்கா, அஞ்சு மணிக்கு வந்துடுவான்னேன். கொஞ்சம் தண்ணி குடிச்சா. திரும்ப மூணு மணிக்குக் கேட்டா. வரச் சொல்லுப்பான்னா. டாக்டர் நாளைக்கு வீட்டுக்குப் போலாம்னு காலையிலதான் சொல்லியிருந்தார். சீசன் நேரம், உன்னை நடுவுல கூப்பிட்டா மேஸ்திரி கத்துவாரேன்னு நான் போன் பண்ணல. வராண்டாவுலதான் போன் இருந்தது. பண்ணல. மூணாவது தடவை நாலு மணிக்கு. கண்ணு செருகிச்சு. தூங்குடான்னேன். அம்மா வரட்டும், அப்புறம் தூங்கறேன்னா. நீ தூங்கு, கண்ணு முழிக்கும்போது அம்மா இருப்பான்னேன். சரின்னுட்டு மூடிக்கிட்டா. அவ்ளோதான். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல."

இருபத்தாறு வருடத்தில் அவர் ஒன்றும் சேர்க்காமல் சொன்ன கதை அது ஒன்றுதான்.

அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "கோபமா இல்லையா?" என்றாள்.

"யாரு மேல?"

"என் மேலதான். காலையில மருந்தை என் புடவையில துப்பினா. ஷிஃப்டுக்கு நேரமாச்சுங்கற எரிச்சல்ல முதுகுல ஒண்ணு வெச்சுட்டேன். அழுதா. சமாதானம் பண்ணாமப் போயிட்டேன். நீங்க டீ வாங்கப் போயிருந்தீங்க." அவள் குரல் சமமாகத்தான் இருந்தது. "நீங்க அவ யாரையும் கேட்கலன்னதும், அந்தக் கோபத்தோடயே போயிட்டான்னு நினைச்சேன். கடைசி நேரத்துல பெத்தவளைத் தேடாத பிள்ளை உண்டா? அப்படித் தேடலன்னா அடி எவ்ளோ வலிச்சிருக்கணும்? நாலு வருஷமா என் கையைப் பார்க்கும்போதெல்லாம் அதான்."

புளுகர் பின்னால் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார். "நீ தாங்க மாட்டேன்னுதான் நான்..." என்று ஆரம்பித்தார். சேர்க்காமல் சொல்லச் சொன்னது நினைவுக்கு வந்தது. "பாதி அது. மீதி, ஏன் போன் பண்ணலன்னு நீ கேட்பேன்னு பயம்."

"கேட்கறேன். ஏன் பண்ணல? ஒரு போன் போட்டிருந்தா பத்து நிமிஷத்துல ஓடி வந்திருப்பேனே."

ஒரு காரணத்தைக் கட்டிச் சொல்லக்கூட அவருக்கு வரவில்லை. அப்போதுதான் அவள் அழுதாள். தொட்டால் கையை உதறுவாள் என்று தெரிந்ததால் அவர் தள்ளியே நின்று அழுதார்.

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. ஒல்லி கூட்டத்தோடு வந்துவிட்டான். இவர்களைக் கண்டதும் திகைத்தான். ஆனால் இருபது பேரை வைத்துக்கொண்டு அவன்தான் என்ன செய்வான்? சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு, "பிள்ளைங்க அஞ்சு பேரும் காட்டுக்கு வந்துட்டாங்க" என்று ஆரம்பித்தான். இருவரும் ஓரமாக ஒதுங்கி நின்று, அவர் கட்டிய புளுகை இன்னொருவன் வாயால் முழுக்கக் கேட்டார்கள். கூட்டத்தில் வந்த நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி, புளுகர் மனைவியின் ஈரக் கண்ணையும் பையிலிருந்த சீட்டையும் பார்த்துவிட்டு அருகில் வந்தாள்.

"நீங்க எழுதிப் போட்டிருக்கீங்களா? நிஜமாவே போய்ச் சேருமா?"

ஒல்லி பேச்சை நிறுத்திவிட்டான். புளுகர் தரையைப் பார்த்தார்.

"சேரும்" என்றாள் அவள். "கொஞ்ச நாளாகும்."

பையை எடுத்துக்கொண்டு கீழ்வழியாக இறங்கிப் போய்விட்டாள். அன்றைக்கு அவள் சீட்டைப் போடவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு குறைந்தது. தட்டு வைத்தாள், தண்ணீர் வைத்தாள். ஒரு நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் திரும்பாமலே, "மூணாவது தடவை அவ சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள். சொன்னார். இன்னொரு நாள் துணி மடிக்கும்போது கேட்டாள். அதே சொற்களை, அதே வரிசையில் சொன்னார். கேட்டு முடித்ததும் ஒவ்வொரு தடவையும் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள். மன்னித்தாளா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கிற தைரியமும் இல்லை.

மாதம் முடிந்தது. மேற்கே மேகம் கூடிவிட்டது, இன்றோ நாளையோ கொட்டிவிடும். அதற்குள் ஓட்டையைச் சுத்தம் செய்யச் சொல்லிக் காவலர் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். புளுகர் கம்பியையும் சாக்கையும் எடுத்துக்கொண்டு போனார். பஸ் டிக்கெட், பிஸ்கெட் உறை, ஹோட்டல் தாள் எல்லாம் வழக்கம்போல வந்தன. கடைசி இழுப்பில் மஞ்சளாக ஒன்று வந்தது.

அவளுக்கு எல்லாம் சொல்லியாயிற்றே. தண்ணீர் போகும் வழி என்று அவர் வாயாலேயே சொல்லியாயிற்றே. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அடுத்தவர் தட்டில் கை வைக்கக் கூடாது என்ற நியாயம் ஞாபகம் வந்தது. அதையும் மீறிப் பிரித்தார். தலையணை உறை, வெள்ளைத் துணி என்ற கட்டங்களின் பின்னால், கீழே இறங்கிப் போகும் ஒரே வரி.

'அம்மா வந்துட்டேன். இப்ப தூங்கு.'

முதல் தூறல் விழும் சத்தம் வாசலில் கேட்டது. அவர் சீட்டைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். கொக்கியின் நுனியில் செருகி, கம்பி போகிற மட்டும், தோள் சுவரில் இடிக்கிற மட்டும் உள்ளே தள்ளி, அங்கேயே விட்டுவிட்டுக் கம்பியை மட்டும் வெளியே எடுத்தார். பிறகு சாக்கைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கினார்.